அதிரிக்கு யார் குரல்

தங்கைக்கு அந்த வேலை கிடைத்த செய்தி வந்ததும் நான் முதலில் செய்தது, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுததுதான். வெளியே அம்மா யாருக்கோ போன் போட்டு, பெரியவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாவது, மண்ணாவது. வயிற்றெரிச்சலில் அழுதேன். இதை இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன். பிறகு நல்ல அக்கா, பெரிய மனசு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அந்தப் பேச்சு எனக்கு ஏற்கெனவே திகட்டத் திகட்டக் கிடைத்தாயிற்று.

அது என் வேலை. நான் டப்பிங் கலைஞர். வெளிநாட்டுப் படங்களில் வாயசைக்கிறவர்களுக்கு இருபத்திரண்டு வருடமாக நம் மொழியில் குரல் கொடுக்கிறேன். ராணி, வில்லி, விண்கலத்தின் கம்ப்யூட்டர், பேசும் பூனை என்று நான் பேசாத வேஷம் இல்லை. என் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து டிக்கெட் கேட்டால் முன்சீட்டில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகவே நான் ஆட்டோவில் போவதில்லை.

சூப்பர் ஹீரோ படங்கள்தான் எங்கள் ஸ்டூடியோவுக்குச் சோறு போடுபவை. அதுவரை நான் பேசிய நாயகிகள் எல்லாரும் ஒரே அச்சு. இடுப்பு ஒரு பிடி, முடி எந்தச் சண்டையிலும் கலையாது, பேச்சு வழுக்கிக்கொண்டு போகும். அதிரி என்ற நாயகி அப்படி இல்லை. நாற்பது வயது, கறுத்த உடம்பு, நல்ல பருமன், தபால் பிரிக்கும் ஆபீசில் உத்தியோகம், பேச்சில் திக்கல். சொல் தொண்டையில் நிற்கும்போது உள்ளே அழுத்தம் ஏறும். சொல் வெளியே வரும்போது எதிரே இருக்கிற சுவர் இடியும். அவளுடைய சக்தி அவ்வளவுதான். 

நான்கு வருடத்துக்கு முன் முதல் பாகம் எங்களிடம் வந்தபோது வினியோகஸ்தர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "திக்குறதை எடுத்துடுங்க. தியேட்டர்ல சவுண்டு ரிப்பேர்னு சீட்டைக் கிழிச்சுடுவாங்க." எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வாய் அசைந்தால் அங்கே ஒரு சொல் இருந்தாக வேண்டும். அவள் உதடு மூன்று தடவை ஒட்டிப் பிரிந்தால், வசனகர்த்தா அங்கே "பாரு, பாரு, பின்னால பாரு" என்று எழுதினார். பின்னால் பார்க்க ஒன்றும் இருக்காது. கணவனிடம் முதல் தடவை மனதைத் திறக்கிற காட்சியில் பதினோரு விநாடி அவள் உதடு தவிக்கும். அந்தப் பதினோரு விநாடிக்குள் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி இரண்டு வரி திணித்தார். நானும் குழாய் ஒழுகலை உருகி உருகிப் பேசினேன். என்ன நேர்த்தி, ஒரு உதடு விலகவில்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள். சுவர் எதற்கு இடிகிறது என்பதுதான் படம் பார்த்த யாருக்கும் விளங்கவில்லை.

மூன்றாவது மாதம் கடிதங்கள் வரத் தொடங்கின. அசல் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். ஒரு டாக்சி ஓட்டுநரின் கடிதத்தை எங்கள் டப்பிங் டைரக்டர் மேடம் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்தார். "அசலில் அவள் என்னை மாதிரித் திக்குகிறாள். நம் மொழியில் மட்டும் கடகடவென்று பேசுகிறாள். நம் மொழியில் திக்குகிறவர்களே கிடையாதா? நான் எந்த மொழியில் திக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" வசனகர்த்தா டீ கிளாசை உற்றுப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்புறம் அது கடிதமாக நிற்கவில்லை. நாற்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்ட கோரிக்கை ஒன்று படக் கம்பெனிக்கே போயிற்று. எத்தனையோ வருடம் கழித்து எங்களைப் போல ஒருத்தி திரைக்கு வந்தாள், அவளையும் வெட்டித் தைத்துவிட்டீர்கள் என்றார்கள். இரண்டாம் பாகத்தில் அதிரி திக்க வேண்டும். திக்குகிற ஒருவரே அவளுக்குக் குரல் கொடுக்க வேண்டும். முதல் கோரிக்கையில் எனக்குச் சம்மதம். இரண்டாவதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. பூனைக்குப் பேசினேனே, அப்போது உனக்கு வால் இருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா?

அதிரியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திக்கத்தானே வேண்டும், திக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். பாடம் படிக்க எங்கேயும் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே இருந்தாள் சின்னவள்.

என் தங்கையை வீட்டில் சின்னவள் என்றே கூப்பிடுவோம். நாற்பத்திரண்டு வயது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிற வேலை. வாடிக்கையாளரிடம் பேச வேண்டாம் என்பதற்காகவே தேடிப் பிடித்த வேலை. ப, க, த என்று எதில் தொடங்கினாலும் அவளுக்குச் சொல் நிற்கும். அதனால் பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு வாய் நான்தான். டாக்டரிடம், பாங்கியில், பஸ்ஸில், போனில் எங்கேயும் அவள் வாயைத் திறக்கும் முன் அம்மா என்னை இடிப்பாள், "நீ சொல்லுடி." நான் சொல்வேன். அவளை விரும்பிய ஒருத்தனிடம்கூட அவளுக்காக நான்தான் போனில் பேசினேன். பத்து நாளில் அவன் என் குரலை விரும்ப ஆரம்பித்து, இரண்டு பேருக்கும் இல்லாமல் ஓடிப்போனான்.

மூன்று வாரம் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் என் போனை ஒளித்து வைத்து, சின்னவள் பேசுவதை அவளுக்குத் தெரியாமல் பதிவுசெய்தேன். எங்கே மூச்சு நிற்கிறது, எப்போது கண்ணை மூடுகிறாள், எந்த இடத்தில் சொல்லை மாற்றி வேறு சொல்லுக்குத் தாவுகிறாள் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்து, என் குரலிலும் ஒரு பதிவு எடுத்தேன். அதை மேடத்திடம் போட்டுக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். நான் பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, பதிவு முடிந்து போன் தானாக அடுத்ததற்குப் போயிற்று. "அக்கா, உ... உப்பு எ... எடு" என்றாள் சின்னவள்.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது யாரு?"

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை மூன்று வாரம் நோட்டுப் போட்டுச் செய்துகொண்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சின்னவள் முதலில் மாட்டேன் என்றாள். அதைச் சொல்லவே அவளுக்கு அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிடத்தை மேடம் ரசித்துக் கேட்டதைப் பார்த்தபோது எனக்குக் காது மடல் சூடானது. பிறகு டாக்சிக்காரரின் கடிதத்தை அவளிடம் கொடுத்தார். சின்னவள் அதை இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சரி என்றாள். மேடம் என் பக்கம் திரும்பி, "அவங்களுக்கு மைக் முன்னாடி நிக்கப் பழக்கம் இல்ல. நீங்க கூடவே இருந்து பார்த்துக்கங்க" என்றார். அதாவது, என் நாற்காலியில் அவளை உட்காரவைக்க நாற்காலியை நானே துடைத்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம். வசனகர்த்தா முதலில் படத்தைப் பார்த்துக்கொண்டே எல்லா வசனத்தையும் தானே சொல்லிப் பதிவுசெய்துவிடுவார். வழிகாட்டிக் குரல் என்போம். கலைஞர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூத்துக்குள் நின்று, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அந்தக் குரலோடு சேர்ந்து பேச வேண்டும். வேலை வேகமாக முடியும். இந்தத் தடவை அவர் வசனங்களைச் சாதாரணமாகவே சொல்லியிருந்தார். திக்குவதைச் சின்னவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்.

சின்னவள் ஹெட்போனை மாட்டினாள். படம் ஓடியது. வாயைத் திறந்தாள்.

தண்ணீர் மாதிரிப் பேசினாள். ஒரு சொல்லில் நிற்கவில்லை. ஒரு பக்க வசனம், ப வந்தது, க வந்தது, எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு போனாள். முடிந்ததும் பூத்துக்குள் அசையாமல் நின்றாள். ஒலிப்பதிவு செய்கிற கன்சோல்காரர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். "பதட்டத்துல இப்படி வருதா?" என்றார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

ஏன் என்று எனக்கு முதல் நிமிடமே தெரியும். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாட்டுச் சொல்லும்போது சின்னவள் எங்கேயும் நிற்க மாட்டாள். டீச்சர் தனியாக எழுப்பிவிட்டால் முதல் எழுத்திலேயே நிற்பாள். காதில் இன்னொரு குரல் கூடவே ஓடினால் அவளுக்குத் திக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கும் ஒரே அறை; இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். இப்போது அந்த ஹெட்போனில் வசனகர்த்தா கூடவே பேசிக்கொண்டிருக்கிறார். அதைக் கழற்றினால் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. சின்னவளின் தோல்வி எனக்குத் தேன்போல இனித்தது.

மூன்று நாள் இப்படியே போயிற்று. "கொஞ்சம் திக்குங்கம்மா" என்று மேடம் கெஞ்சினார். வாழ்நாள் முழுவதும் திக்காதே, திக்காதே என்று கேட்டு வளர்ந்தவளிடம் போய் இப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? வேண்டுமென்றே திக்கிப் பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. நானே அதைவிட நன்றாகத் திக்குவேன். கன்சோல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பார்ப்போம். வரலேன்னா நீங்களே பண்ணிடுங்க. பேரு மட்டும் அவங்க பேரைப் போட்டுக்கலாம். ஜனங்களுக்குத் தெரியவா போகுது?"

பேர் போனால் போகட்டும், அதிரி எனக்குத் திரும்பி வருகிறாள். நான் செய்ய வேண்டியதெல்லாம் அரை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது. பேசிப் பிழைக்கிறவளுக்கு அதுதான் கஷ்டம் என்றாலும் அந்த அரை நாளை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். வேலை கைநழுவப் போகிறது என்ற கவலையே அவள் முகத்தில் இல்லை. கன்சோல்காரரிடம் கேட்டு ஒரு வசனத்தைத் தன் போனில் வாங்கி வந்திருந்தாள். பஸ்ஸில் அதை எட்டுத் தடவை கேட்டாள், நான் எண்ணிக்கொண்டே வந்தேன். இப்போது சத்தமாகப் போட்டாள். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாருடி இது? பெரியவ பேசின மாதிரி இருக்கு."

"நா... நான்மா."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். கேட்டுவிட்டு, என்னை வைத்துக்கொண்டே, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "அக்கா குரலேதான். ஆனா அவளைவிட நல்லா இருக்குடி."

நானும் கேட்டேன். நல்ல காது எனக்கு, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. அது என் குரல்தான், இருபத்திரண்டு வருடம் கத்தாத என் குரல். வில்லிகளுக்குச் சிரித்துச் சிரித்து என் அடித்தொண்டையில் விழுந்த கரகரப்பு அதில் இல்லை. எந்த இடத்தில் உருக வேண்டும் என்று தெரிந்து உருகுகிற என் சாமர்த்தியமும் இல்லை. வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து நம்மிடம் பேசுவதைப் போல இருந்தது. என்னிடம் ஒரு காலத்தில் அது இருந்தது. எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் படுத்ததும் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் தூங்கினேன். திக்குகிற சின்னவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வேஷம்தான் இருக்கிறது, அதிரி. திக்காத சின்னவளுக்கு எல்லா வேஷமும் இருக்கிறது. ராணியும் வில்லியும் பூனையும் அவளுக்கே போகும். ஹெட்போன் மாட்டினால் அவளுக்குத் திக்காது என்பதை இந்த ஸ்டூடியோ நிதானமாக யோசித்துக் கண்டுபிடிக்கும் முன், அவள் திக்குகிறவள், திக்குவதற்காகவே வந்தவள் என்று அவள்மேல் முத்திரை குத்திவிட வேண்டும். அதிரி போனால் போகிறாள், மீதியையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை சின்னவள் பூத்துக்குள் போனதும் மேடத்தின் காதோரம் போய்ச் சொன்னேன். "அவளுக்குக் காதுல யார் குரலும் கேக்கக் கூடாது மேடம். ஹெட்போனைக் கழட்டிடுங்க. பழையபடி ஆயிடுவா."

மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "உங்க கைக்கு வந்ததை விட்டுக் கொடுக்கிறீங்களே" என்று என் தோளைத் தொட்டார். என்ன மனசு உங்களுக்கு என்றார். கன்சோல்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மேடம் மைக்கில் சின்னவளிடம் சொன்னார், "உங்க அக்கா ஒரு வழி சொல்லியிருக்காங்க. ஹெட்போனைக் கழட்டுங்க. திரையில சிவப்பு விளக்கு வந்ததும் பேசுங்க." சின்னவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள், கழற்ற மனம் இல்லாதவளாக. விளக்கு எரிந்தது. "க... க... க..." என்று முதல் சொல்லிலேயே நின்றாள். மேடம் எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சொல் வெளியே வந்தபோது, திரையில் சுவர் இடிந்தபோது, அது ஏன் இடிகிறது என்று நான்கு வருடத்தில் முதல் தடவையாக எங்களுக்கே புரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வேலை நடந்தது. சின்னவள் நிற்கிற இடமும் திரையில் அந்த நடிகையின் உதடு நிற்கிற இடமும் ஒத்துப்போகவில்லை. வசனகர்த்தா முழித்தார். எந்த எழுத்தில் அவள் நிற்பாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொற்களை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நடிகை உதடு ஒட்டுகிற இடத்தில் சின்னவளுக்கு ஒரு ப வருகிற மாதிரி செய்தேன். பொறாமை ஒரு பக்கம் இருந்தாலும் வேலை என்று வந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு வரியும் பொருந்தி உட்காரும்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவளை அப்படியே பிடித்துக் கீழே தள்ளலாம் போலவும் இருந்தது.

கடைசி நாள் இடைவேளையில் சின்னவள் இரண்டு டீ எடுத்துக்கொண்டு வந்து, மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடம்கிட்ட அன்னைக்கு ஏ... ஏன் சொன்னே?"

"உனக்கு வேலை போயிடக் கூடாதுன்னுதான்."

அவள் சிரித்தாள். "ப... பொய்."

நான் டீயை ஊதினேன். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"காதுல கு... குரல் கேட்டா எனக்குத் திக்காதுன்னு உனக்கு எ... எப்போலேருந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம், வாய்க்கு வந்துகூட விட்டது. ஆனால் அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் திரையில் உதடுகளைப் பார்ப்பேனே அந்த மாதிரி.

"ஸ்கூல்லேருந்து. எல்லாரோடவும் சேர்ந்து பாட்டுச் சொல்றப்போ நீ நிக்கவே மாட்டே."

"மு... முப்பத்தஞ்சு வருஷமா?"

"ஆமா."

சின்னவள் டீ கிளாசைப் படியில் வைத்தாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. "அப்போ நீ என்கூடச் சே... சேர்ந்து பேசியிருக்கலாமே அக்கா. எனக்குப் ப... ப... பதிலாப் பேசாம."

எத்தனை கவுண்டர்கள், எத்தனை போன்கள். எங்கேயாவது ஒரு தடவை அவளோடு சேர்ந்து நானும் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் தானே பேசி முடித்திருப்பாள். தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில் ஒரு தடவை தோன்றியது. வேண்டாம் என்று விட்டேன்.

"எனக்குப் பேசப் பிடிச்சிருந்தது" என்றேன். "எல்லாரும் என்னையே பார்த்தாங்க. எனக்குப் பிடிச்சிருந்தது."

அவள் தலையாட்டினாள். அழவில்லை, திட்டவும் இல்லை. "எ... எனக்கும் அது பிடிச்சிருக்கும்னு நீ ஒரு தடவையாவது நினைச்சியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்காமல் எழுந்தாள். சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "அடுத்த வாரம் மேடம் என்னை இன்னொரு டெ... டெஸ்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஹெட்போன் போட்டு."

"என்ன வேஷம்?"

"ரா... ராணி."

எட்டு வருடமாக நான் பேசும் ராணி. மேடம் மூன்று நாள் அந்தத் தண்ணீர்க் குரலைக் கேட்டவர், ஹெட்போன் ரகசியத்தையும் நானே காதோரம் போய் ஒப்படைத்தேன். போட்டால் ஒரு குரல், கழற்றினால் ஒரு குரல். அவருக்கு ஒரே ஆளில் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"வரேன்னு சொன்னேன்" என்றாள். அதில் மட்டும் எங்கேயும் நிற்கவில்லை.

உள்ளே படத்தின் கடைசி வசனம் மிச்சம் இருந்தது. இடிந்த பாலத்துக்கு அடியில் சிக்கிக்கொண்ட ஜனங்களைப் பார்த்து அதிரி ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும், "பயப்படாதீங்க." நான் கன்சோல் அறையில் சுவரோரமாக நின்றேன். சின்னவள் பூத்துக்குள் வெறும் காதோடு நின்றாள். விளக்கு எரிந்தது.

"ப..." என்றாள். நின்றுவிட்டது. கண்ணை மூடினாள். திரையில் அதிரியும் கண்ணை மூடியிருந்தாள். மேடம் வாய்க்குக் கொண்டுபோன கிளாசைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கன்சோல்காரர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கதவருகே நின்ற வசனகர்த்தா மூச்சைக்கூட விடவில்லை. ஐந்து விநாடி, ஆறு, ஏழு. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும், காகிதத்தில் எழுதியிருக்கிறது, ஆனாலும் அவள் வாயிலிருந்து வரட்டும் என்று நான்கு பேரும் காத்திருந்தார்கள். அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி.

நான் பேசும்போது ஒருவரும் இப்படி இருந்ததில்லை. இருபத்திரண்டு வருடம், லட்சம் சொற்கள், எல்லாம் கேட்டவுடனே வந்து விழுந்தவை. நான் முடிக்கும் முன்பே கன்சோல்காரர் அடுத்த வசனத்துக்குக் கையை நீட்டியிருப்பார், மேடம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் ஒரு சொல்லுக்காக ஒரு அறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது கிடையாது.

"பயப்படாதீங்க" என்றாள் சின்னவள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அது என் குரலாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் அப்போதும் நினைத்தேன்.